மீன் முட்டை எத்தனை டிகிரி வரை தாங்கும்? ஒரு மெக்கானிக்கல் மாணவனின் ப்ராஜெக்ட் பாடம்



ஏழாவது செமஸ்டர் ஆரம்பத்தில் ப்ராஜெக்ட் டாபிக் கொடுத்தப்போ எங்க டீம்ல மூணு பேரும் எலக்ட்ரிக் வண்டி பேட்டரி கூலிங் கிடைக்கும்னு நம்பிக்கையோட இருந்தோம். கிடைச்சது என்னன்னா, "ஆற்று நீரின் வெப்பநிலை மீன்களின் எண்ணிக்கையை எப்படி மாற்றுகிறது, அதை மாடல் பண்ணுங்க." கூட இருந்த நண்பன் அன்னிக்கே கேட்டான்: "மச்சி, நாம மெக்கானிக்கலா, இல்ல ஃபிஷரீஸா?"

நாலு மாசம் கழிச்சு சொல்றேன். ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் நான் மனப்பாடம் பண்ணி எழுதின பாதி விஷயம் இந்த ப்ராஜெக்ட்ல தான் புரிஞ்சுது. அதோட, ஒரு டேட்டாஷீட் நம்பரை அப்படியே எடுத்துப் போடுறது எவ்வளவு பெரிய சேதத்தில் முடியும்னும் புரிஞ்சுது. ஜூனியர்ஸ் யாராவது இது மாதிரி டாபிக் வந்து முழிச்சீங்கன்னா, இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். கால்குலேட்டர் பக்கத்துல வெச்சுக்கோங்க, கூடவே போட்டுப் பார்க்கலாம்.

(பள்ளிக்கூடம் முழுக்க இங்கிலீஷ் மீடியம் என்பதால் சில இடத்தில் என் தமிழ் தடுக்கும். பொறுத்துக்கோங்க.)

முதலில் கதை: ஒரு ஆறு, ஒரு அணை, ஒரு மீன்

நாங்க எடுத்துக்கிட்டது அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தின் சாக்ரமெண்டோ ஆறு. இதைத் தேர்ந்தெடுக்க காரணம் ரெண்டு. ஒண்ணு, அங்கே தண்ணீர் வெப்பநிலை மணிக்கு மணி அளந்து பொதுமக்களுக்கே திறந்து வெச்சிருக்காங்க. ரெண்டாவது, வெப்பநிலை பற்றின ஒரு தப்பான கணிப்பு ஒரு மீன் இனத்தையே விளிம்பு வரை கொண்டு போன கதை அங்கே நடந்திருக்கு.

மீனின் பெயர் சினூக் சால்மன். கடலில் வளர்ந்து, முட்டையிட மட்டும் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வரும். முட்டையிட்டதும் இறந்துவிடும். சாக்ரமெண்டோவில் இந்த மீன் நாலு கூட்டமாக, நாலு வேறு பருவத்தில் ஆற்றுக்குள் நுழைகிறது. அதில் குளிர்காலத்தில் நுழையும் கூட்டத்தை 'விண்டர் ரன்' என்கிறார்கள். இந்தக் கூட்டத்துக்கு ஒரு விசித்திரமான பழக்கம். குளிர்காலத்தில் ஆற்றுக்குள் வந்தாலும், முட்டையிடுவது கோடையின் நடுவில்.

கோடையில் ஏன்? பழைய காலத்தில் இவை ஷாஸ்டா மலைப் பக்கம் மெக்ளவுட் போன்ற கிளை ஆறுகள் வரை மேலேறிப் போகும். அங்கே எரிமலைப் பாறைக்குள்ளிருந்து வரும் ஊற்று நீர் கோடையிலும் ஜில்லென்று இருக்கும். அதனால் பிரச்சனையே இல்லை. 1945-ல் ஷாஸ்டா அணை கட்டி முடிச்சாங்க. சுமார் 183 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட 198 டிஎம்சி கொள்ளளவு. மீன் ஏறிப் போக வழி கிடையாது. அதுக்கு சுமார் 15 கிலோமீட்டர் கீழே கெஸ்விக் என்று இன்னொரு அணை. இப்போ இந்தக் கூட்டம் முட்டையிடுவது கெஸ்விக் அணைக்குக் கீழே, ரெட்டிங் என்ற ஊர்ப் பக்கம். கோடையில் அந்த ஊரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது சகஜம்.

1960களின் கடைசியில் ஒரு லட்சத்துக்கு மேல் திரும்பி வந்துகொண்டிருந்த கூட்டம், 1990களின் தொடக்கத்தில் 200-க்கும் கீழே போய்விட்டது. 1994-ல் அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்று அறிவித்தார்கள்.

ஆக இந்த மீன் இப்போ உயிரோட இருக்கிறதே ஷாஸ்டா அணையின் அடியில் தேங்கி நிற்கிற குளிர்ந்த தண்ணீரை நம்பித்தான். நீர்த்தேக்கத்தில் கோடையில் சூடான தண்ணீர் லேசாக இருப்பதால் மேலே நிற்கும், குளிர்ந்தது அடியில் நிற்கும். ரெண்டும் லேசில் கலக்காது. எந்த ஆழத்திலிருந்து தண்ணீர் எடுக்கிறோமோ, அந்த வெப்பநிலைதான் ஆற்றுக்குப் போகும். 1987-லிருந்து கீழ் மதகு வழியாகக் குளிர்ந்த தண்ணீரை விட்டுப் பார்த்தார்கள். ஆனால் அது டர்பைன் வழியாகப் போகாது, மின்சாரம் நஷ்டம். அதனால் 1997-ல் அணையின் உள்பக்கச் சுவரில் பல மட்டங்களில் ஷட்டர் உள்ள ஒரு பெரிய இரும்பு அமைப்பைப் பொருத்தினார்கள். வேண்டிய மட்டத்துத் தண்ணீரை எடுத்து, டர்பைன் வழியாகவே விடலாம். நம்ம மொழியில் சொன்னா, ஒரு மிக்ஸிங் வால்வு.

வால்வு ரெடி. செட் பாயிண்ட் எவ்வளவு? நம்ம பாடம் இங்கேதான் தொடங்குது.

படி 1: ஆற்றுத் தண்ணீர் எவ்வளவு சூடாகும்?

இது நமக்குத் தெரிஞ்ச கணக்குதான். ஆற்றோடு சேர்ந்து நகர்ற ஒரு தண்ணீர்த் துண்டை எடுத்துக்கோங்க. மேலே ஒரு சதுர மீட்டர் பரப்பு, கீழே ஆற்றின் ஆழம். உள்ளே வரும் வெப்பம்: சூரிய ஒளி, வானத்திலிருந்தும் மேகத்திலிருந்தும் வரும் நெட்டலைக் கதிர்வீச்சு. வெளியே போவது: தண்ணீர் தானே வெளியிடும் கதிர்வீச்சு, ஆவியாதல். காற்று வழியாக வருவதும் போவதும் ரெண்டும் உண்டு. கூட்டிக் கழிச்சு நிகர வெப்பத்தைக் கண்டுபிடிச்சா,

வெப்பநிலை உயர்வு = நிகர வெப்பம் × நேரம் ÷ (அடர்த்தி × தன்வெப்பம் × ஆழம்)

உதாரணத்துக்கு, ஒரு நாளின் சராசரி நிகர வெப்பம் சதுர மீட்டருக்கு 200 வாட் என்று வைப்போம். ஆழம் 2 மீட்டர். ஒரு நாளுக்கு 86,400 விநாடி. போட்டுப் பாருங்க, சுமார் 2 டிகிரி வரும். அதே வெயில், ஆழம் அரை மீட்டர் என்றால் சுமார் 8 டிகிரி! (நிஜத்தில் தண்ணீர் சூடாகச் சூடாக நிகர வெப்பம் குறைஞ்சுக்கிட்டே வரும், அதனால் இவ்வளவு ஏறாது. ஆனா திசை சரி.)

இதில் கவனிக்க வேண்டியது ஒண்ணுதான். வெயில் மாறவே இல்லைன்னாலும், ஆற்றில் தண்ணீர் குறைஞ்சா வெப்பநிலை ஏறும். வறட்சி வருஷத்தில் மீனுக்கு ரெண்டு பக்கமும் அடி. அணையில் குளிர்ந்த நீர் இருப்பு குறைவு, விடுகிற கொஞ்ச தண்ணீரும் சீக்கிரம் சூடாகும்.

படி 2: முட்டை எத்தனை நாள் உள்ளே இருக்கும்?

பெண் சால்மன் வாலால் கூழாங்கல் படுகையில் குழி தோண்டி, முட்டையிட்டு, கல்லால் மூடிவிடும். குஞ்சு அந்தக் கல்லுக்குள்ளேயே பொரிந்து, வளர்ந்து, பிறகு வெளியே வரும். இதற்கு எத்தனை நாள் ஆகும் என்பது வெப்பநிலையைப் பொறுத்தது. இதுக்கு 'டிகிரி-நாள்' என்று எளிமையான கணக்கு இருக்கு. ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலையையும் கூட்டிக்கிட்டே போங்க. சினூக்குக்கு மொத்தம் சுமார் 950 வந்ததும் குஞ்சு வெளியே வரும் என்று நம்ம கணக்குக்கு வெச்சுக்கலாம்.

10 டிகிரி என்றால் 95 நாள். 12 டிகிரி என்றால் 79 நாள். 14 டிகிரி என்றால் 68 நாள்.

இங்கே நாங்க ஒரு காமெடி பண்ணோம். அமெரிக்கத் தரவு ஃபாரன்ஹீட்டில் இருந்ததைப் பார்க்காமல் அப்படியே கூட்டிட்டோம். 54-ஐ 54 டிகிரின்னு எடுத்தா முட்டை 18 நாளில் வெளியே வந்துடும்! கிராஃபைப் பார்த்து கைடு மேடம் கேட்ட ஒரே கேள்வி: "இது சால்மனா, கொசுவா?" யூனிட் செக் பண்ணாதவங்க எல்லாரும் இதை ஒரு தடவை நினைச்சுக்கோங்க.

படி 3: எத்தனை முட்டை பிழைக்கும்?

இதுதான் மாடலின் இதயம். எண்ணம் எளிமையானது. ஒரு எல்லை வெப்பநிலை இருக்கு. அதுக்குக் கீழே வெப்பத்தால் சாவு இல்லை. அதுக்கு மேலே, ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு நாளைக்கு இவ்வளவு ஆபத்து என்று ஏறும். எல்லை 12 டிகிரி என்று வைத்தால்:

ஒரு நாள் ஆபத்து = 0.025 × (வெப்பநிலை − 12)

12-க்குக் கீழே இருந்தால் ஆபத்து பூஜ்யம். 0.025 என்பது இந்த ஆற்றுத் தரவுக்குப் பொருத்திப் பார்த்துக் கிடைத்த எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிற, கணக்குக்கு வசதியான எண்.

14 டிகிரி உள்ள ஒரு நாளில் ஆபத்து 0.05. அதாவது நூறில் சுமார் 95 பிழைக்கும். அடுத்த நாள் அந்த 95-ல் 95 சதவீதம். இப்படி ஒவ்வொரு நாளும் பெருக்கிக்கிட்டே போகணும். பெருக்கலுக்குப் பதில் ஆபத்துகளைக் கூட்டி, எக்ஸ்பொனென்ஷியல் எடுத்தால் போதும்:

பிழைக்கும் பங்கு = எக்ஸ்ப்(− மொத்த ஆபத்து)

முட்டைக் காலம் முழுவதும் ஒரே வெப்பநிலை என்று வைத்துப் போட்டால்:

- 12 டிகிரி: 79 நாள், மொத்த ஆபத்து 0, பிழைப்பது 100 சதவீதம்
- 12.5 டிகிரி: 76 நாள், மொத்த ஆபத்து 0.95, பிழைப்பது 39 சதவீதம்
- 13 டிகிரி: 73 நாள், மொத்த ஆபத்து 1.83, பிழைப்பது 16 சதவீதம்
- 13.3 டிகிரி: 71 நாள், மொத்த ஆபத்து 2.32, பிழைப்பது 10 சதவீதம்
- 14 டிகிரி: 68 நாள், மொத்த ஆபத்து 3.4, பிழைப்பது 3 சதவீதம்

இது வெப்பத்தால் வரும் சாவு மட்டும். வெப்பம் தொல்லையே தராத வருஷத்திலும் பாதிக்கு மேல் முட்டைகள் வேறு காரணங்களால் போயிடும். அதைத் தனியாக ஒரு எண்ணால் பெருக்கிக்கணும்.

அந்தப் பட்டியலில் 13.3 டிகிரியை ஏன் சேர்த்தேன்? அதுதான் 56 ஃபாரன்ஹீட். பல வருஷம் அந்த ஆற்றுக்கு வைத்திருந்த செட் பாயிண்ட். ஆற்றில் கீழே ஒரு குறிப்பிட்ட இடத்தில் இந்த அளவைத் தாண்டாமல் பார்த்துக்கிட்டா முட்டைக்கு ஆபத்தில்லை என்று நம்பினார்கள். அந்த இடத்துக்கு மேலே இருந்த முட்டைகளுக்கு இதைவிடக் குளிர்ந்த தண்ணீர் கிடைத்தது என்பதையும் சொல்லணும். ஆனாலும் 'பாதுகாப்பான எல்லை' என்று நம்பிய எண்ணுக்கும் இந்தப் பட்டியலுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்க.

படி 4: நாங்க மாட்டின இடம், சராசரி

முதல் ரெவ்யூவுக்கு நாங்க சீசன் முழுவதற்கும் ஒரே சராசரி வெப்பநிலை எடுத்து மாடலில் போட்டோம். எக்செல்லில் ஒரு செல், ஒரு விடை. சந்தோஷமா பிரசண்ட் பண்ணோம். மேடம் ஒரு சின்ன கணக்கு கொடுத்து உட்கார வெச்சுட்டாங்க. நீங்களும் போடுங்க.

ஆறு 'அ': 76 நாளும் 12.5 டிகிரி.
ஆறு 'ஆ': முதல் 38 நாள் 11 டிகிரி, அடுத்த 38 நாள் 14 டிகிரி.

ரெண்டுக்கும் சராசரி 12.5. ரெண்டுக்கும் டிகிரி-நாள் 950. எங்க மாடல் ரெண்டையும் ஒண்ணுன்னு சொல்லும். நாள் வாரியாகப் போட்டால், 'அ'-வில் 39 சதவீதம் பிழைக்கும். 'ஆ'-வில் ஆபத்து 38 × 0.05 = 1.9, பிழைப்பது 15 சதவீதம்.

ஏன் இப்படி? 11 டிகிரி நாட்களில் முட்டைக்குக் கூடுதல் லாபம் எதுவும் கிடையாது. எல்லைக்குக் கீழே எவ்வளவு குளிர்ந்தாலும் ஆபத்து பூஜ்யம்தான், மைனஸுக்குப் போகாது. முதல் பாதியில் சேமித்த குளிரை இரண்டாம் பாதிக்கு எடுத்துக் கொடுக்க முட்டையிடம் வங்கிக் கணக்கு இல்லை. ஆகவே வளைகோடோ எல்லையோ உள்ள எந்த மாடலிலும், சராசரியை முதலில் எடுக்காதீங்க. முதலில் ஒவ்வொரு நாளுக்கும் விடை கண்டுபிடிச்சு, பிறகு கூட்டுங்க. இது மீனுக்கு மட்டும் இல்லை. மெட்டீரியல் ஃபடீக் கணக்கிலும் இதே கதைதான்.

'ஆ' மாதிரி நிலைமை நிஜத்திலும் நடந்திருக்கு. 2014 வறட்சியில், கோடையின் கடைசியில் ஷாஸ்டாவின் குளிர்ந்த நீர் தீர்ந்துபோய், ஷட்டர் இருந்தும் வெப்பநிலையைப் பிடிக்க முடியவில்லை. முட்டைகள் அப்போ கல்லுக்குள்ளேதான் இருந்தன. வழக்கமாக முட்டையிலிருந்து குஞ்சு வரை சுமார் 27 சதவீதம் பிழைக்கும் ஆற்றில், 2014-லும் 2015-லும் சுமார் 5 சதவீதம்தான் பிழைத்தது.

படி 5: லேப் நம்பர் ஏன் ஏமாத்துச்சு?

இப்போ முக்கியமான கேள்வி. சால்மன் முட்டை எத்தனை டிகிரி தாங்கும் என்று ஆய்வகத்தில் பல தடவை சோதனை பண்ணியிருக்காங்க. அந்த எண்களை வைத்துப் பார்த்தால் முட்டை 15 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே வரை தாங்கணும். அப்படின்னா 2014-ல் அவ்வளவு முட்டை செத்திருக்கவே கூடாது.

2017-ல் 'எக்காலஜி லெட்டர்ஸ்' என்ற ஆய்விதழில் பெஞ்சமின் மார்ட்டினும் அவர் குழுவும் இதற்கு விடை கொடுத்தாங்க. ஆற்றில் பல வருஷத் தரவை வைத்து மேலே சொன்ன மாதிரி மாடலைப் பொருத்தினப்போ, ஆற்றில் எல்லை சுமார் 12 டிகிரின்னு வந்தது. ஆய்வக எண்ணைவிட சுமார் 3 டிகிரி கம்மி. காரணம் ஆக்சிஜன்.

முட்டைக்கு வாய் கிடையாது, செவுள் கிடையாது, நகரவும் முடியாது. தோல் வழியாக, சுற்றியுள்ள தண்ணீரிலிருந்து ஆக்சிஜன் ஊடுருவி உள்ளே வந்தால்தான் உண்டு. வெப்பநிலை ஏறினா ரெண்டு விஷயம் நடக்கும்.

ஒண்ணு, தேவை ஏறும். 10 டிகிரி ஏறினால் உயிரினத்தின் ஆக்சிஜன் தேவை தோராயமாக இரண்டு மடங்காகும். அந்தக் கணக்கில் 12-லிருந்து 15 டிகிரிக்குப் போனாலே தேவை கிட்டத்தட்ட கால் பங்கு கூடும்.

ரெண்டு, வரவு குறையும். 10 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு சுமார் 11.3 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். 15 டிகிரியில் 10.1, 20 டிகிரியில் 9.1.

இது ஆய்வகத்துக்கும் பொருந்துமே, வித்தியாசம் எங்கேன்னு கேட்கலாம். வித்தியாசம் தண்ணீரின் வேகத்தில். முட்டையைச் சுற்றி ஒரு மெல்லிய தேக்கப் படலம் இருக்கும், நாம படிக்கிற அதே பவுண்டரி லேயர். தண்ணீர் வேகமா ஓடினா படலம் மெலியும், ஆக்சிஜன் சுலபமா உள்ளே போகும். ஆய்வகத்தில் முட்டை மேல் தண்ணீர் நல்லா ஓடிக்கிட்டே இருந்தது. ஆற்றில் முட்டை கல்லுக்கு அடியில் புதைஞ்சிருக்கு, அங்கே ஓட்டம் ரொம்ப மெதுவா இருக்கும். அதனால் அதே முட்டை, குறைந்த வெப்பநிலையிலேயே மூச்சுத் திணறிப் போகும்.

இதைப் படிச்சப்போ எனக்கு சட்டுனு ஞாபகம் வந்தது ஹீட் சிங்க். ஒரு சிப்பை ஃபேன் வெச்சு டெஸ்ட் பண்ணி "இத்தனை டிகிரி அறை வெப்பம் வரை ஓடும்"னு எழுதிட்டு, அதையே ஃபேன் இல்லாத மூடின பெட்டிக்குள் வெச்சா என்ன ஆகும்? அதேதான். சிப் மாறலை, சுற்றியுள்ள ஓட்டம் மாறிடுச்சு. வெப்பத்துக்கு நசெல்ட் எண் என்றால், இங்கே ஆக்சிஜனுக்கு ஷெர்வுட் எண். சமன்பாட்டின் உருவம்கூட ஒண்ணுதான்.

அளவும் ஒரு காரணம். சினூக் முட்டை மீன் முட்டைகளிலேயே பெரிய ரகம், கிட்டத்தட்ட ஒரு பட்டாணி அளவு. முட்டை பெரிதாகும்போது உள்ளே இருக்கும் திசுவின் தேவை ஆரத்தின் மும்மடி விதத்தில் ஏறும், ஆனா ஆக்சிஜன் உள்ளே வரும் பரப்பு இருமடி விதத்தில்தான் ஏறும். பெரிய முட்டை, பெரிய பிரச்சனை.

ஆய்வகத்தில் எடுத்த எண் பொய்யில்லை. அந்த நிபந்தனையில் அது சரியான எண்தான். அந்த நிபந்தனையை விட்டுட்டு எண்ணை மட்டும் ஆற்றுக்கு எடுத்துக்கிட்டு போனதுதான் தப்பு.

படி 6: முட்டையிலிருந்து கூட்டத்துக்கு

முட்டை சாவு கூட்டத்தை எவ்வளவு பாதிக்கும்? இந்த மீன்களில் பெரும்பாலானவை மூணு வயசில் திரும்பி வரும். எனவே இந்த வருஷக் கணக்கு மூணு வருஷம் கழிச்சுத்தான் தெரியும்.

ஒரு எளிய கணக்கு. 1,000 மீன் வந்தது, பாதி பெண். ஒவ்வொன்றும் சுமார் 5,000 முட்டை. மொத்தம் 25 லட்சம். 27 சதவீதம் பிழைத்தால் 6,75,000 குஞ்சு. அதிலிருந்து 1,000 பெரிய மீன் திரும்பினால் கூட்டம் அப்படியே நிற்கும். அதாவது குஞ்சிலிருந்து திரும்புவது ஆயிரத்தில் ஒன்றரை. இப்போ மற்றதெல்லாம் அப்படியே வைத்து, முட்டை பிழைப்பை மட்டும் 5 சதவீதமாக்குங்க. 1,25,000 குஞ்சு, திரும்புவது சுமார் 185. இன்னொரு வருஷமும், அதுக்கடுத்த வருஷமும் இதே நடந்தா, மூணு வயசு சுழற்சியில் மூணு தலைமுறையும் போச்சு.

நிஜத்தில் மீன் பண்ணையில் வளர்த்து விட்ட குஞ்சுகள் கொஞ்சம் காப்பாற்றின. அப்படியிருந்தும், 2014-ல் முட்டையாக இருந்த தலைமுறை திரும்ப வேண்டிய 2017-ல், சுமார் ஆயிரம் மீன்தான் வந்தது.

மாடல் எதைப் பார்க்காது?

வைவாவில் நிச்சயம் கேட்பாங்க, அதனால் இதையும் படிச்சு வெச்சுக்கோங்க.

எங்க மாடல் வெப்பநிலையை மட்டும் பார்க்கும். 2021-ல் முட்டை பிழைப்பு 3 சதவீதத்துக்கும் கீழே போச்சு. அந்த வருஷம் வெப்பமும் மோசம்தான், ஆனா அதோட இன்னொரு பிரச்சனையும் சேர்ந்துக்கிச்சு. கடலில் சால்மன் அதிகமாக நெத்திலி வகை மீனையே தின்றதால் தயாமின், அதாவது வைட்டமின் பி1 குறைபாடு. நெத்திலியில் தயாமினை உடைக்கும் ஒரு நொதி இருக்கு. தாய் மீனுக்குக் குறைந்தால் குஞ்சு பலவீனமாகப் பிறக்கும். வெப்பநிலை மாடலை எவ்வளவு ட்யூன் பண்ணினாலும் இது அதில் வராது. இதை மறந்து எல்லாச் சாவையும் வெப்பத்தின் தலையில் கட்டினால், 0.025 என்ற எண்ணே தப்பாகிடும்.

இன்னொரு விவாதமும் உண்டு. முட்டைக் காலம் முழுக்க ஒரே மாதிரி ஆபத்தா, இல்லை பொரிவதற்குச் சற்று முன்னாடி, கரு பெரிதாகி ஆக்சிஜன் தேவை உச்சத்தில் இருக்கும்போது மட்டும்தான் ஆபத்தா? சில ஆய்வாளர்கள் ரெண்டாவதைச் சொல்றாங்க. ரெண்டு மாடலும் பழைய தரவுக்குச் சுமாராகப் பொருந்தும். ஆனா அணையை இயக்குறவருக்கு ரெண்டும் வேற வேற கட்டளை கொடுக்கும். இதைத்தான் உங்களுக்கு ஹோம்வொர்க்கா கொடுக்கிறேன்.

ஹோம்வொர்க்

திட்டம் ஒன்று: முதல் 40 நாள் 12.5 டிகிரி, பிறகு வெளிவரும் வரை 13.5 டிகிரி.
திட்டம் இரண்டு: முதல் 37 நாள் 13.5 டிகிரி, பிறகு 36 நாள் 12.5 டிகிரி.

(அ) எல்லா நாளுக்கும் ஒரே ஆபத்து என்றால்? முதல் திட்டத்தில் 17 சதவீதம், இரண்டாவதில் 16 சதவீதம் வரணும். பெரிய வித்தியாசம் இல்லை.

(ஆ) முதல் பாதியில் ஆபத்தே இல்லை, இரண்டாம் பாதியில் மட்டும்தான் என்றால்? முதல் திட்டத்தில் 29 சதவீதம், இரண்டாவதில் 64 சதவீதம்!

அதே தண்ணீர், அதே அணை. குளிர்ந்த நீரை எப்போ செலவு பண்ணணும் என்ற முடிவு, நாம எந்த மாடலை நம்புறோம் என்பதில் இருக்கு.

கடைசியா

இந்தத் தண்ணீருக்குப் போட்டி இல்லாமல் இல்லை. சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கில் நெல்லும் பாதாமும் போடும் விவசாயிகளுக்கு ஏப்ரல், மே மாதத்திலேயே தண்ணீர் வேணும். அப்போ திறந்துவிட்டால் ஆகஸ்ட், செப்டம்பரில் அணையின் அடியில் குளிர்ந்த நீர் இருக்காது. ஒரு பக்கம் ஒரு வருஷ வருமானம், இன்னொரு பக்கம் உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு மீன் கூட்டம். மாடல் இந்தச் சண்டையைத் தீர்த்து வைக்காது. ஒரு டிகிரிக்கு என்ன விலை என்று மட்டும் சொல்லும். 56 ஃபாரன்ஹீட் என்று இருந்த பழைய இலக்கு, இந்த ஆய்வுகளுக்குப் பிறகு, தண்ணீர் போதுமான வருஷங்களுக்கு 53.5-ஆக, அதாவது சுமார் 11.9 டிகிரியாக இறங்கியிருக்கு. ஒரு மாடல் செய்த வேலை அது.

2022 கோடையில் வின்னிமெம் விண்டு என்ற அந்த மண்ணின் பழங்குடி மக்களும் அரசு மீன்வளத் துறைகளும் சேர்ந்து சுமார் 40,000 முட்டைகளை அணைக்கு மேலே, மெக்ளவுட் ஆற்றுக்கே கொண்டு போய் வளர்த்தாங்க. 1940களில் அணை வந்து வழி அடைத்த பிறகு இந்தக் கூட்டத்தின் முட்டைகள் அந்தக் குளிர்ந்த ஊற்று நீருக்குத் திரும்பியது அப்போதான். எங்க மாடலில் அந்த ஆற்றைப் போட்டா மொத்த ஆபத்து பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும். ஷட்டரும் செட் பாயிண்டும் தேவைப்படாத ஆறு.

ஜூனியர்ஸுக்கு நான் சொல்ல நினைக்கிறது மூணு. யூனிட் பாருங்க. சராசரியைக் கடைசியில் எடுங்க. ஒரு எண்ணை எடுத்துப் போடுறதுக்கு முன்னாடி, அது எந்த நிபந்தனையில் அளந்ததுன்னு கேளுங்க.

எங்க எக்செல் ஷீட் வேணும்னா ஃபைனல் இயர் மெக் 'பி' செக்ஷனுக்கு வாங்க, தரோம். ஃபாரன்ஹீட் காலம் மட்டும் சிவப்பு கலர்ல இருக்கும். காரணம் உங்களுக்கே தெரியும்.